விலகி நிற்க இடம் எங்கே இருக்கிறது?

கேள்வி: மனிதன் இயற்கையை விட்டு விலகி நின்றாலே போதும், அது தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் என்பது என் கருத்து. மனிதனே மண்ணும் தட்பவெப்பமும் வனைந்தெடுத்த பொருள்தான், எனவே அவன் செய்வதற்கு அவனைக் குற்றம் சொல்வது வீண் என்கிறார் என் நண்பர். யார் சொல்வது சரி?

பதில்: எதிரெதிராக நிற்பதாக நீங்கள் இருவரும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். மனிதன் இந்தப் பக்கம், இயற்கை அந்தப் பக்கம், நடுவில் ஒரு வேலி என்பதை இருவருமே யோசிக்காமல் ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். கல் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதில் மட்டும்தான் உங்கள் சண்டை.

நெதர்லாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்நாட்டு நிலத்தில் ஏறத்தாழக் கால் பங்கு கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. கடலுக்குத் தாழ்வான இடம் வாய்த்துவிட்டது, பாவம், கரை கட்டிப் பிழைக்கிறார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆனால் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு அதன் மேற்குப் பகுதியில் பரந்து கிடந்தவை, செத்த செடிகொடிகள் முழுதாக மட்காமல் நீரில் ஊறி அடுக்கடுக்காகச் சேர்ந்த சதுப்புநிலங்கள். அவற்றில் பெரும்பகுதி அன்று கடல்மட்டத்துக்கு மேலேதான் இருந்தது. பயிரிட விரும்பியவர்கள் வாய்க்கால் வெட்டி நீரை வடித்தார்கள். நீர் போனதும் பிழிந்த பஞ்சுபோல மண் அமுங்கியது. அதோடு, அதுவரை நீருக்கடியில் காற்றுப் படாமல் கிடந்த தாவர எச்சம் காற்றுப் பட்டு மட்கி, கரியமில வாயுவாகப் பறந்துபோனது. நிலம் இறங்கியது, மறுபடி ஈரம் கட்டியது, வாய்க்காலை இன்னும் ஆழப்படுத்தினார்கள், நிலம் இன்னும் இறங்கியது. நீர் தானாக ஓடி வெளியேற வழியில்லாமல் போகவே, 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து காற்றாலைகளை வைத்து இறைத்தார்கள். பிறகு நீராவி எந்திரம் வந்தது, இன்று மின்சாரம். (ஏரிகளை வற்றவைத்து எடுத்த நிலங்களின் கதை வேறு.)

எனக்கு இதில் மண்ணைவிட மனிதர்களே சுவாரசியமாகப் படுகிறார்கள். இறங்கிப்போன நிலத்தில் ஒருவர் தம் வயலை மட்டும் காப்பாற்றிக்கொள்ள முடியாது. பக்கத்து வயல்காரர் தம் பங்குக் கரையைச் செப்பனிடாவிட்டால் இருவரும் சேர்ந்தே மூழ்க வேண்டியதுதான். எனவே கரையைக் கண்காணிக்கவும், பழுதுக்கு ஆள் அனுப்பவும், வரி வசூலிக்கவும் 13ஆம் நூற்றாண்டிலேயே நீர் வாரியங்கள் தோன்றின. அவற்றுக்கு இன்றும் தனியாகத் தேர்தல் நடக்கிறது. மனிதர்கள் நிலத்தை இறக்கினார்கள், இறங்கிய நிலம் அவர்கள் ஒருவரையொருவர் ஆளும் முறையையே மாற்றியது. இதில் எந்தக் கண்ணியை உங்கள் நண்பர் முதல் கண்ணி என்பார்?

உடம்புக்குள்ளும் இதே கணக்குதான். ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல வளைந்துவிடும் நோயான அரிவாள் செல் சோகைக்குக் காரணமான மரபணு தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்தால் உயிருக்கே ஆபத்து. ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் மலேரியாவை எதிர்த்துப் பெரும் பாதுகாப்பு. இதை மரபியலாளர் அந்தோணி ஆலிசன் கிழக்கு ஆப்பிரிக்காவில் ஆராய்ந்து 1954இல் வெளியிட்டார். நான்கு ஆண்டுகள் கழித்து ஃபிராங்க் லிவிங்ஸ்டன் என்ற மானிடவியலாளர், மேற்கு ஆப்பிரிக்காவை முன்வைத்து இன்னும் ஒரு படி போனார்: காட்டைத் திருத்திக் கழனியாக்கியதால் வெயில் படும் நீர்க்குட்டைகள் பெருகின, மலேரியாக் கொசுவுக்கு அவை வாகாக அமைந்தன, அதனால்தான் அந்த மரபணு அங்கே இவ்வளவு பரவியது என்றார். அது எப்போது தோன்றியது என்பதில் பின்வந்தவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் ரத்தத்தில் இருக்கும் ஒரு மாற்றத்துக்கு விளக்கம் தேடும்போது விளைநிலத்தையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

இதைப் படித்துவிட்டு உங்கள் நண்பர் துள்ள வேண்டாம். சூழல் வனைந்தது என்பதற்காகப் பொறுப்பு கழன்றுவிடாது. கரைக்கு வரி கட்டாதவர் ‘நான் இந்த மண்ணின் படைப்பு’ என்று சொல்லி எந்த நீர் வாரியத்திடமும் தப்பியிருக்க முடியாது.

இனி உங்களுக்கு. விலகி நிற்பது என்கிறீர்கள்; எந்த இடத்தை விட்டு? அமேசான் காட்டிலேயே பல இடங்களில், சுற்றிலும் உள்ள சத்தற்ற மண்ணுக்கு நடுவே கரிய வளமான மண் திட்டுகள் இருக்கின்றன. தோண்டினால் கரித்துண்டும் எலும்பும் பானை ஓடும் வருகின்றன. ஐரோப்பியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அங்கே வாழ்ந்தவர்களின் கைவேலை அது. ஆஸ்திரேலியப் பழங்குடியினர் புல்வெளியையும் புதர்க்காட்டையும் பருவம் பார்த்துச் சிறுசிறு பகுதிகளாகக் கொளுத்தி வந்தார்கள். அவர்கள் விரட்டப்பட்ட பகுதிகளில் சருகும் புதரும் அடர்ந்து, பிறகு பற்றிய தீ பெருந்தீயானது. மனிதர் விலகினார்கள் என்று நாம் எழுதும் இடங்களில் பல, அவர்கள் விலக்கப்பட்ட இடங்கள்.

சில இடங்களில், சில காலத்துக்கு, கையைக் கட்டிக்கொண்டிருப்பதே நல்லது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மத்திய ஆசியாவின் ஏரல் கடலில் அது போதவில்லை. 1960களிலிருந்து பருத்திக்காக இரண்டு ஆறுகளின் நீரைத் திருப்பியதில் வற்றத் தொடங்கிய ஏரி அது. வெளிப்பட்ட தரையிலிருந்து உப்புப் புழுதி கிளம்பியது, சுற்றுவட்டாரத்தில் கோடை மேலும் சுட்டது, குளிர்காலம் மேலும் கடுத்தது. அதன் வடபகுதியைக் காப்பாற்ற முதலில் மணலால் போட்ட கரை உடைந்தது. 2005இல் கசகஸ்தான் உறுதியான அணையைக் கட்டி முடித்த பிறகு அங்கே நீர்மட்டம் உயர்ந்தது, உப்பு குறைந்தது, மீன்கள் திரும்பின, படகுகளும் திரும்பின. அணை வடக்கே தேக்கியது தெற்கே போயிருக்கக்கூடிய நீர். தென்பகுதி பெரும்பாலும் வறண்டே கிடக்கிறது. எந்தப் பகுதி பிழைக்க வேண்டும் என்ற முடிவை அங்கே இயற்கை எடுக்கவில்லை.