அனர்த்த முகாமைத்துவம் பெண் பிள்ளைக்குச் சரிவருமா?

மூதூரிலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

ஏ.எல்.லில் புவியியல் எடுத்த மகள் அனர்த்த முகாமைத்துவத்தில்தான் வேலை செய்வேன் என்று நிற்கிறாள், வெள்ளத்துக்கும் புயலுக்கும் பின்னால் ஓடுவது பெண் பிள்ளைக்குச் சரிவருமா என்று கேட்டிருந்தீர்கள். சரிவரும். அந்த வேலைக்குப் பெண்கள் கட்டாயம் வேண்டும்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கையின் கிழக்குக் கரையில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம் இறந்தார்கள். நீந்தவும் மரம் ஏறவும் பழகியிருந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். குழந்தைகளையும் வயதானவர்களையும் விட்டுவிட்டு ஓடப் பெண்களுக்கு மனம் வரவில்லை. அப்புறம் வீட்டுப் பிரச்சினை வந்தது. நம் பக்கத்தில் வீடு மகளுக்குச் சீதனமாகப் போகும். சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீடுகள் பல, ‘குடும்பத் தலைவர்’ என்று கணவரின் பெயரிலேயே பதிவாகின. தாய்வழி வந்த சொத்து ஒரு படிவத்தில் கைமாறிவிட்டது! முகாமில் கழிப்பறைக்குப் பூட்டும் வெளிச்சமும் இருக்கிறதா, நிவாரணப் பொதியில் மாதவிடாய் அணையாடை இருக்கிறதா என்பதை ஆண் அதிகாரியிடம் எத்தனை பெண்கள் வாய்திறந்து கேட்பார்கள்? உங்கள் மகள் போன்றவர்கள் அங்கே இருந்தால் கேட்க வேண்டிய தேவையே வராது.

படிப்பைப் பொறுத்தவரை, பெயரில் ‘அனர்த்தம்’ உள்ள பட்டத்தைத் தேடி அலைய வேண்டாம். யாழ்ப்பாணம், பேராதனை, வந்தாறுமூலை (கிழக்கு), ஒலுவில் (தென்கிழக்கு) பல்கலைக்கழகங்கள் எங்கும் புவியியல் படிக்கலாம். அனர்த்த முகாமைத்துவத்தைப் பட்டப்பின் படிப்பாக வைத்துக்கொள்ளலாம். கணினியில் வரைபடம் செய்யும் புவியியல் தகவல் முறைமையை இப்போதே தொடங்கட்டும். சிங்களத்தையும் விடக்கூடாது.

2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு மாவட்டந்தோறும் பிரிவு உண்டு. பிரதேச செயலகங்களில் நிவாரண சேவை, பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர்களும் இருக்கிறார்கள். அரச நியமனம் வரக் காலம் எடுக்கும். தொண்டு நிறுவன வேலை சீக்கிரம் கிடைக்கும், ஆனால் திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். மாரி காலத்தில் இரவிலும் போகவேண்டி வரும், அதை மறைக்க மாட்டேன். மற்ற நாட்களில் வேலை பெரும்பாலும் வரைபடம், பயிற்சி, ஊர்க்கூட்டம்.

பெறுபேறு வரும்வரை செஞ்சிலுவைச் சங்கத்தில் முதலுதவி பழக விடுங்கள். பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளி வந்ததும் பல்கலைக்கழக அனுமதிக் கையேட்டோடு இருவரும் வாருங்கள், விருப்ப வரிசையைச் சேர்ந்து நிரப்புவோம்.