2035-ம் 2350-ம்

அன்புள்ள ஐயா,

இமயமலைப் பனி உருகுவதைப் பற்றிச் சென்ற வாரம் பயமுறுத்தியிருந்தீர்கள். பருவநிலை மாற்றத்தை மதிப்பிடும் ஐ.நா. குழுவான இதே ஐ.பி.சி.சி.தான் 2007-ல், "2035-க்குள் இமயப் பனியாறுகள் காணாமல் போய்விடலாம்" என்றது. பிறகு தவறு என்று ஒப்புக்கொண்டது. பனி அப்படியேதான் இருக்கிறது. இந்த ஜோசியத்தை ஏன் நம்ப வேண்டும்?

ஒரு வாசகர், கரூர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்தத் தவறு நீங்கள் நினைப்பதைவிட மோசமானது. இமயப் பனியாறுகளின் பரப்பு 30 லட்சம் ஹெக்டேர், அதாவது 30,000 சதுர கிலோமீட்டர் என்று அந்த 2007 அறிக்கையே சொல்கிறது. அதே பகுதியில், அது 5 லட்சம் சதுர கிலோமீட்டரிலிருந்து 1 லட்சமாகச் சுருங்கும் என்றும் சொல்கிறது! இல்லாத பனி எப்படி உருகும்? அந்த 5 லட்சம், துருவங்களை விட்டுவிட்டு உலகம் முழுவதற்கும் ஒரு ரஷ்ய ஆய்வாளர் 1996-ல் போட்ட கணக்கு. அது 1 லட்சமாகச் சுருங்கும் என்று அவர் சொன்ன ஆண்டு 2350. இலக்கம் இடம் மாறியதா, 1999-ல் ஒரு பத்திரிகைப் பேட்டியில் வந்த 2035 இதில் வந்து ஒட்டிக்கொண்டதா, இரண்டு விதமாகவும் சொல்கிறார்கள்.

2009-ல் நம் சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட நிலவியலாளர் வி.கே.ரைனாவின் அறிக்கை மாற்றுக்கருத்து சொன்னபோது, ஐ.பி.சி.சி. தலைவர் பச்சௌரி அதைப் பில்லிசூனிய விஞ்ஞானம் என்றார். 2010 ஜனவரியில் அவருடைய அமைப்பே வருத்தம் தெரிவித்தது. அந்தத் திமிருக்கு அது வேண்டியதுதான்.

தேதி தப்பிப்போனதால் பனி பத்திரம் என்று ஆகிவிடாது. காத்மாண்டுவில் இருக்கும் மலைப்பகுதி ஆய்வு மையமான இசிமோட் 2019-ல் தொகுத்த மதிப்பீட்டின்படி, வெப்ப உயர்வை 1.5 டிகிரியில் நிறுத்தினாலும் 2100-க்குள் இந்து குஷ் - இமயப் பனியில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். கரியமில வாயு இதே வேகத்தில் ஏறினால் மூன்றில் இரண்டு. பரபரப்பில்லாத கணக்கு என்பதாலேயே இதை நம்புகிறேன்.

"பனி அப்படியேதான் இருக்கிறது" என்கிறீர்களே, அந்த வரியோடுதான் எனக்குச் சண்டை. சிக்கிமின் தெற்கு லோனாக் ஏரி, பனியாறு பின்வாங்கிய பள்ளத்தில் உருகிய நீர் தேங்கித் தேங்கிப் பெருத்தது. 2023 அக்டோபர் 3 நள்ளிரவை ஒட்டி, பக்கத்துச் சரிவு பெயர்ந்து அதற்குள் விழுந்தது. எழும்பிய அலை கரையை உடைத்துக்கொண்டு தீஸ்தா பள்ளத்தாக்கில் இறங்கியது. சுங்தாங்கில் இருந்த தீஸ்தா 3 அணையைக் கையோடு வாரிக்கொண்டு போனது. 1,200 மெகாவாட் திட்டம். மின்சாரம் தரத் தொடங்கி அப்போது ஆறு வருடம்தான் ஆகியிருந்தது.