மூன்று மாத ஊசி: தேதி தாண்டிவிட்டால்?

கேள்வி: பிரசவத்துக்குத் தமிழ்நாட்டுக்குப் போயிருந்தபோது அரசு மருத்துவமனையில் 'அந்தரா' என்ற கருத்தடை ஊசி போட்டார்கள். அதற்குப் பிறகு 14 வாரம் ஆகிவிட்டது. குழந்தைக்கு 5 மாதம், தாய்ப்பால்தான். மாதவிலக்கு இன்னும் வரவில்லை, பயமாக இருக்கிறது. கணவர் மலேசியர், நான் ஸ்பவுஸ் விசாவில் இருக்கிறேன். இங்கே அதே ஊசி கிடைக்குமா? பார்மசியில் கருத்தடை மாத்திரை வாங்கிச் சாப்பிடலாமா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: பயப்படாதீர்கள் சகோதரி. ஊசியின் கெடு 13 வாரம் என்றாலும், அதற்குமேல் 4 வாரம் வரை தாமதமானாலும் போட்டுக்கொள்ளலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதனால் இந்த வாரமே போய்விடுங்கள். அந்தக் கெடுவும் தாண்டினால், கர்ப்பம் இல்லை என்று உறுதிசெய்த பிறகே போடுவார்கள். போட்ட பின்னும் 7 நாள் ஆணுறை வேண்டும். மாதவிலக்கு வராதது இந்த ஊசிக்கும் தாய்ப்பாலுக்கும் வழக்கம்தான். மனம் கேட்கவில்லையென்றால் காலை முதல் சிறுநீரில் சோதனை செய்து பாருங்கள்.

அந்தராவும் இங்குள்ள டெப்போ-புரோவேராவும் ஒரே மருந்துதான்: மெட்ராக்சிபுரோஜெஸ்டிரோன் 150 மில்லிகிராம். ஊரில் கொடுத்த ஊசி அட்டையைக் கட்டாயம் கொண்டுபோங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போடும் வேறு மருந்தும் உண்டு. பெயர் தெரியாமல் போட்டுக்கொண்டால் அடுத்த தேதி தப்பிவிடும். அரசாங்க கிளினிக் கவுண்டரில் "சுந்திக்கான் பெரன்சாங்" (மலாயில் குடும்பக் கட்டுப்பாட்டு ஊசி) என்றால் புரிந்துகொள்வார்கள். பாஸ்போர்ட், விசா, திருமணச் சான்றிதழ் கையில் இருக்கட்டும். குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கட்டணம் வேறு, பதியும்போதே கேட்டுவிடுங்கள். தனியார் கிளினிக் என்றால் ஊசி கையிருப்பில் இருக்கிறதா என்று முதலில் போன் செய்யுங்கள்.

மருந்து வெள்ளையாக அடியில் தங்கும். நன்றாகக் குலுக்கிய பிறகே ஏற்ற வேண்டும். போட்ட இடத்தைத் தேய்க்கவோ ஒத்தடம் கொடுக்கவோ கூடாது. மருந்து சீக்கிரம் கரைந்து, பலன் காலம் குறைந்துவிடும். இதை வீட்டுப் பெரியவர்களிடமும் சொல்லிவையுங்கள், எண்ணெய் தேய்த்துவிட அவர்கள்தான் முன்வருவார்கள்.

மாத்திரையை மருந்தாளரே தரலாம். ஆனால் பால் கொடுப்பதைச் சொல்லாமல் வாங்காதீர்கள். ஈஸ்ட்ரோஜன் கலந்த வழக்கமான மாத்திரை குழந்தைக்கு 6 மாதம் ஆகும்வரை வேண்டாம், பால் குறையக்கூடும். புரோஜெஸ்டிரோன் மட்டும் உள்ளதைக் கேளுங்கள்.

அடுத்த குழந்தை சீக்கிரம் வேண்டுமென்றால் மருத்துவரிடம் இப்போதே சொல்லுங்கள்: ஊசியை நிறுத்திய பின் கருத்தரிக்கச் சிலருக்கு ஓராண்டுகூட ஆகலாம். ஊசியைத் தொடர்வதானால், 13 வாரத்தை எண்ணி நாள்காட்டியில் குறியுங்கள். தீபாவளி விடுமுறை குறுக்கிட்டால் 2 வாரம் முன்கூட்டியே போடலாம்.