அஞ்சாவது ஃப்ரெட்டுக்கு மேல

அண்ணா வணக்கம்,

நான் ஈரோடு பக்கம், வயசு 31. காலேஜ் நாள்ல இருந்து பேஸ் கிட்டார் வாசிக்கிறேன், சர்ச்லயும் ரெண்டு மூணு மெல்லிசைக் குழுவிலயும். 2022ல பைக் ஆக்சிடென்ட், இடது தோள்ல நரம்பு இழுபட்டுப்போச்சு, பிரேக்கியல் பிளெக்சஸ்னு சொன்னாங்க. ஆபரேஷன் பண்ணி நரம்பு மாத்தி வச்சாங்க. இப்போ முழங்கை மடங்குது, விரல் வேலை செய்யுது, ஆனா கையைப் பக்கவாட்டுல தூக்க முடியல, வெளிப்பக்கமா நீட்டிப் பிடிச்சா அஞ்சு நிமிஷத்துல நடுங்குது. மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்த மாதிரியே இருக்கு. என்கிட்ட இருக்கறது 34 இஞ்ச் ஸ்கேல் (கம்பி அதிர்ற நீளம்) அஞ்சு கம்பி பேஸ், நல்ல கனம். குழுவுல எல்லாரும் இதை வித்துட்டு கீபோர்டுக்கு மாறுங்கறாங்க. ஒரு நண்பர் ஷார்ட் ஸ்கேல், அதான் கம்பி நீளம் குறைஞ்ச பேஸ், வாங்கச் சொல்றார், இன்னொருத்தர் அது சின்னப் பசங்க வாசிக்கறதுன்னு சிரிக்கிறார். கையில 40,000 ரூபா இருக்கு. எந்த பேஸ் வாங்கலாம்? பேரைப் போட்டுடாதீங்க.

*

தம்பி,

மொதல்ல அந்த கீபோர்டு விஷயத்தை முடிச்சிடுவோம். கை கால்ல ஏதாச்சும்னா உடனே கீபோர்டுன்னு சொல்றது நம்மாளுங்களுக்கு ஒரு பழக்கம். எனக்கு ஒன்றரை வயசுல போலியோ, வலது கால் சூம்பிப்போச்சு, தொடையில இருந்து பாதம் வரைக்கும் காலிப்பர், கக்கத்துல ஒரு கட்டை. பதினாறு வயசுல பேஸ் கத்துக்கணும்னு போய் நின்னப்போ வாத்தியார் என் கையைப் பாக்கவே இல்ல, காலைத்தான் பாத்தார், "உக்காந்து வாசிக்கறாப்ல கீபோர்டு போலாமேப்பா"ன்னார். பேஸையும் உக்காந்து வாசிக்கலாம்னு அவருக்குத் தோணவே இல்ல! உங்க கதையில கீபோர்டு இன்னும் மோசம், ரெண்டு கையையும் முன்னாடி நீட்டி அந்தரத்துல வச்சிருக்கணும், உங்க தோளுக்கு ஆகாததே அதுதானே. கிட்டார்லயாவது கை போய் நெக்கைப் பிடிச்சுக்கும். அதனால அதை விடுங்க.

அடுத்தது நீங்க கடிதத்துல எழுதாத ஒண்ணு, யோசிச்சுப் பாத்தீங்களான்னு தெரியல. வலது கை ஆளுங்க பேஸ் மாட்டினா ஸ்ட்ராப் எந்தத் தோள்ல விழும்? இடது தோள்ல. அடிபட்ட அதே தோள்ல. அஞ்சு கம்பி பேஸுன்னா நாலு கிலோவுக்கு மேலதான் இருக்கும், அந்த நாலு கிலோவை நரம்பு இழுபட்ட இடத்துல ஒரு கச்சேரி முழுக்கத் தொங்கவிட்டுட்டு, அப்புறம் கை நடுங்குதுன்னா பேஸ் என்ன பண்ணும்? நான் டாக்டர் இல்ல, அதனால உங்க பிசியோதெரபிஸ்ட்கிட்ட ஒரே கேள்வி கேளுங்க, "இந்தத் தோள்ல எவ்வளவு கனம், எவ்வளவு நேரம்". அவர் ம்னு சொல்ற வரைக்கும் ஸ்ட்ராப்பை நம்பி நிக்காதீங்க, உக்காந்துதான் வாசிக்கணும். நின்னே ஆகணும்னா ஸ்கூல் பை மாதிரி ரெண்டு தோள்லயும் மாட்டற டபுள் ஸ்ட்ராப் இருக்கு, அதுவும் அவர்கிட்ட காட்டிட்டு.

இப்போ மெயின் மேட்டர். நீங்க எந்த பேஸ் வாங்கலாம்னு கேக்கறீங்க, நான் இப்போதைக்கு ஒண்ணும் வாங்காதீங்கன்னு சொல்லப்போறேன், கோவிச்சுக்காதீங்க. உங்ககிட்ட இருக்கறது அஞ்சு கம்பி. அஞ்சாவது கம்பி, அதான் தடிச்ச பி கம்பி, அதுல அஞ்சாவது ஃப்ரெட், அதாவது நெக்குல குறுக்கே போற அஞ்சாவது உலோகக் கட்டு, என்ன நோட்? ஈ. நாலு கம்பி பேஸோட அடிமட்ட நோட்டே அதுதான். அப்போ நாலு கம்பி பேஸ்ல இருக்கற எல்லா நோட்டையும் நீங்க அஞ்சாவது ஃப்ரெட்டுக்குக் கீழ கையே போகாம வாசிச்சுடலாம். ஈ கம்பி மூணாவது ஃப்ரெட்ல ஜி பிடிப்பீங்கல்ல, அது பி கம்பி எட்டாவது ஃப்ரெட். ஏ கம்பி மூணாவது ஃப்ரெட் சி, அது ஈ கம்பி எட்டு. எஃப்னா பி கம்பி ஆறு. அவ்வளவுதான், மேப்பை ஒரு கம்பி தள்ளி வச்சு அஞ்சு ஃப்ரெட் ஏத்திட்டீங்க.

இதுல கைக்கு என்ன லாபம்னு கணக்குப் போட்டுப் பாத்தேன். 34 இஞ்ச் ஸ்கேல்ல மொதல் ஃப்ரெட்டுக்கும் அஞ்சாவது ஃப்ரெட்டுக்கும் நடுவுல ஏறக்குறைய 17 செ.மீ. தூரம். அதாவது உங்க இடது கை ஒரு ஜாண் அளவுக்கு உடம்பு பக்கம் வந்துடுது. இதுவே 30 இஞ்ச் ஷார்ட் ஸ்கேல் வாங்கினா, பிரிட்ஜ் (பேஸ் கட்டையில கம்பி மாட்டற இடம்) அதே இடத்துல இருக்குன்னு வச்சுக்கிட்டா, மொதல் ஃப்ரெட் பத்து செ.மீ. கூட பக்கத்துல வராது. விரல் விரிப்பும் அப்படித்தான், நாலு விரலுக்கு நாலு ஃப்ரெட்னு வச்சா மொதல் பொசிஷன்ல கிட்டத்தட்ட 18 செ.மீ., அஞ்சாவது பொசிஷன்ல 14. ஷார்ட் ஸ்கேலோட மொதல் பொசிஷனே பதினஞ்சரைக்கு மேல போகுது. எல்லாரும் விக்கச் சொன்ன அந்தக் கனமான பேஸ்தான் உங்க கையை நீட்டாம காப்பாத்தற பேஸ்.

சும்மா கிடைக்காது, விலை இருக்கு. பி கம்பி மேல ஏற ஏற சத்தம் கொஞ்சம் மொத்துனாப்ல வரும், மட்டமான செட்டப்னா சுருதியும் ஆடும். ஓப்பன், அதான் விரல் வைக்காத ஈ கம்பி தர்ற அந்த முழக்கம் பி கம்பி அஞ்சாவது ஃப்ரெட்ல வராது. அதுக்கு ஓப்பன் கம்பியையே வாசிங்களேன், அதுக்கு இடது கையே வேண்டாமே, அந்த நேரத்துல கைக்கு ரெஸ்ட்டு. ராஜா சார் பாட்டுல சசிதரன் வாசிச்ச பேஸ் மாதிரி ஓடிட்டே இருக்கற லைனை மொதல்லயே எடுக்காதீங்க, எல்லாரும் அதைக் கேட்டுத்தான் பேஸுக்கே வந்தோம், ஆனா அது ஆறு மாசம் கழிச்சு. இப்போ சர்ச் பாட்டு போதும், ரூட்டும் (கார்டோட அடி நோட்டு) அதுல இருந்து அஞ்சாவது நோட்டும்.

கையில இருக்கற 40,000ல மொதல் ரெண்டாயிரத்தை ஒரு நல்ல செட்டப்புக்குப் போடுங்க. நெக் நேராக்கி, ஆக்‌ஷன், அதான் ஃப்ரெட்டுக்கு மேல கம்பி நிக்கற உயரம், எவ்வளவு கீழ இறக்க முடியுமோ அவ்வளவு இறக்கச் சொல்லுங்க, லேசா ஃப்ரெட்ல பட்டு கிர்ருன்னாலும் ஸ்பீக்கர்ல பாதி கேக்காது. ஒவ்வொரு கம்பியும் சுமார் 20 கிலோ விசையில இழுத்துக்கிட்டு நிக்குது, அதைத்தான் உங்க விரல் ராத்திரி முழுக்க அழுத்துது. வழக்கமான 45-105 தடிமன் கம்பி செட்டுக்குப் பதிலா 40-95, அதோட ஒரு மெல்லிசான பி போட்டாலே வித்தியாசம் தெரியும். வழவழன்னு இருக்கும்னு யாராச்சும் ஃப்ளாட்வூண்ட் (மேல தட்டைக் கம்பி சுத்தினது) சொல்லுவாங்க, நல்ல கம்பிதான், ஆனா நிறைய ஃப்ளாட்வூண்ட் செட் வழக்கமான ரவுண்ட்வூண்டை (உருண்டைக் கம்பி சுத்தினது) விட விறைப்பு, டென்ஷன் நம்பரைப் பாக்காம வாங்காதீங்க. ஒரு கம்ப்ரசர் பெடல் இருந்தா அமுக்கம் பத்தாத நோட்டும் மத்த நோட்டோட சமமா நிக்கும்.

விரலுக்கு வர்றேன். மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போச்சுன்னா நாலு விரல் நாலு ஃப்ரெட்டுன்னு ஸ்கூல்ல சொன்னதை மறந்துடுங்க. நின்னுக்கிட்டு வாசிக்கிற பெரிய டபுள் பேஸ்ல சிமாண்டல்னு ஒரு முறை இருக்கு, ஆள்காட்டி, நடுவிரல், அப்புறம் மோதிரமும் சுண்டும் ஒண்ணாச் சேந்து ஒரே விரலா அழுத்தும், மூணு ஃப்ரெட்டுதான், நாலாவதுக்குக் கையே நகரும். ரெண்டு வீக்கான விரல் சேந்து ஒரு நல்ல விரல் ஆயிடும். பிளாக் சபாத் ராக் குழுவோட கிட்டாரிஸ்ட் டோனி ஐயோமி கதை தெரிஞ்சிருக்கும், 1965ல பர்மிங்ஹாம்ல தகரப் பட்டறை மெஷின்ல நடுவிரல் மோதிரவிரல் நுனி போச்சு, இடது கை வாசிப்புங்கறதால அவருக்கு அது ஃப்ரெட் பிடிக்கற கை. பட்டறை மேனேஜர் ஜாஸ் கிட்டாரிஸ்ட் ஜாங்கோ ரைன்ஹார்ட் ரெக்கார்டு ஒண்ணைக் குடுத்து கேக்கச் சொன்னாராம், ஜாங்கோ 1928ல தீப்புண்ணுல ரெண்டு விரல் முடங்கி மீதி ரெண்டுல சோலோ வாசிச்சவர். ஐயோமி என்ன பண்ணார், பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குக் குல்லா செஞ்சு, மேல தோல் ஒட்டி, மெல்லிசுக் கம்பி மாட்டி, பின்னாடி சுருதியையும் இறக்கிட்டார். அந்தக் கனமான சத்தத்தை உலகமே காப்பி அடிச்சுது. பேஸ்லயே பாத்தா அமெரிக்காவுல மோட்டவுன் ரெக்கார்டு கம்பெனி பாட்டுக்கெல்லாம் வாசிச்ச ஜேம்ஸ் ஜேமர்சன் வலது கையில ஒரே விரல், ஆள்காட்டி விரல் மட்டும். அவருக்கு ஊனம் ஒண்ணும் இல்ல, அது அவரோட முறை, ஆனா ஒரு விரல்ல எவ்வளவு முடியும்னு சொல்றதுக்கு அவரை விட வேற ஆள் வேண்டாம்.

இன்னொண்ணு, இது சீரியஸ். மரத்த விரல்ல கொப்புளம் வந்தாலும் கம்பி கிழிச்சாலும் உங்களுக்குத் தெரியாது. என் வலது பாதத்துல உணர்ச்சி நல்லாவே இருக்கு, போலியோ அதைத் தொடாது, ஆனா என் ஃப்ரெண்டு ஒருத்தர் சுகர்காரர், செருப்புக்குள்ள ஆணி குத்தி சாயங்காலம் சாக்ஸ் சிவந்தப்பதான் கவனிச்சார். அதனால இருபது நிமிஷத்துக்கு ஒருக்கா வாசிப்பை நிறுத்தி விரல் நுனியைக் கண்ணால பாருங்க.

உக்கார்றதுல ஒரு சின்ன வித்தை. கை வைக்காத நாற்காலி, பேஸை வலது தொடையில வைக்காம இடது தொடையில வச்சு நெக்கை நல்லா மேல தூக்கி நிறுத்துங்க, கிளாசிக்கல் கிட்டார்காரங்க மாதிரி. அப்போ முழங்கை விலாவோட ஒட்டியே இருக்கும், மடக்கினா போதும், தூக்க வேண்டாம். மடக்கறதுதான் உங்களுக்கு வருதே. எனக்கு சூம்பின தொடையில பேஸ் நிக்காது, வழுக்கிட்டே போகும், காலிப்பர் கம்பியில பட்டு பேஸோட முதுகுப் பக்கம் பூரா கீறல். கிச்சன் ஷெல்ஃப்ல விரிப்பாங்களே ஓட்டை ஓட்டையா ரப்பர் மேட், அதுல ஒரு துண்டு வெட்டித் தொடையில போட்டேன், இருபது வருஷப் பிரச்னை அன்னிக்கே தீந்துச்சு.

இதையெல்லாம் ரெண்டு மாசம் பண்ணிட்டு, அப்பவும் கனம் ஒத்துவரலன்னா வாங்குங்க. ஷார்ட் ஸ்கேல் சின்னப் பசங்களுதுன்னு சிரிச்சவர்கிட்ட பால் மெக்கார்ட்னியைப் பத்திக் கேளுங்க, 1961ல ஹாம்பர்க்ல வாங்கின அந்த ஹாஃப்னர் வயலின் பேஸ் 30 இஞ்ச். ஜாஸ் பேஸ் வாசிக்கற ஸ்டான்லி கிளார்க்கோட அலெம்பிக் கம்பெனி பேஸும் ஷார்ட் ஸ்கேல். ஒரே கம்பி, ஒரே சுருதின்னா 34ல இருந்து 30க்கு வந்தா விறைப்பு 22 சதவீதம் குறையும், அது பிசிக்ஸ், கௌரவத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. ஆனா ஒரு பொறி இருக்கு, எஸ்ஜி ஷேப் பேஸ் மாதிரி மேல் கொம்பு (கட்டையில நெக் பக்கம் நீட்டிக்கிட்டிருக்கற முனை) குட்டையா, ஸ்ட்ராப் மாட்டற குமிழ் நெக் அடியில இருக்கற பேஸை மாட்டினீங்கன்னா மொத்த நெக்கும் இடது பக்கம் தள்ளிப் போயிடும், பேஸோட தலைப்பக்கமும் கீழ சாயும், சின்ன ஸ்கேல்னு வாங்கிட்டு நீளமான பேஸை விட அதிகமாக் கையை நீட்டிக்கிட்டு, தலையைத் தாங்கிப் பிடிச்சுக்கிட்டு நிப்பீங்க. மேல் கொம்பு பன்னெண்டாவது ஃப்ரெட் பக்கத்துல முடியுதான்னு பாருங்க. ஹெட்லெஸ்ல தலையே இல்ல, சாய்றதுக்கு ஒண்ணும் இல்ல. ஐபனெஸ் ஈஹெச்பி வரிசையில 30 இஞ்ச் ஹெட்லெஸ்ஸே இருக்கு, உங்க பட்ஜெட்டுக்குப் புதுசு வராது, பழசு கண்ணுல பட்டா விடாதீங்க.

கடைக்குப் போறப்போ லக்கேஜ் தராசு எடுத்துட்டுப் போங்க, பெட்டியைக் கொக்கியில மாட்டித் தூக்குவோமே அது. நான் கோயமுத்தூர்ல ஒரு கடையில அதை எடுத்ததும் அங்க இருந்த பையன் "அண்ணே, ஆடு வாங்க வந்தீங்களா"ன்னான். சிரிச்சுட்டு ஒரே மாடல்ல ரெண்டு பேஸ் தொங்கவிட்டோம், ஒண்ணு 3.6, இன்னொண்ணு 4.3. ஒரே விலை, ஒரே கலர். மரம் அப்படி. மூணரைக்கு மேல உங்களுக்கு வேண்டாம். அப்புறம் மத்தியானம் ஃப்ரெஷ்ஷா இருக்கறப்போ போகாதீங்க, வேலை முடிஞ்சு கை ஓஞ்சுபோன நேரத்துல போய் அரை மணி நேரம் உக்காந்து வாசிங்க, நீங்க கச்சேரி வாசிக்கப்போறது அந்தக் கையிலதான்.

ஆம்ப் பத்தி நீங்க கேக்கல, இருந்தாலும். பழைய 15 இஞ்ச் ஸ்பீக்கர் காம்போவைத் தூக்கற வேலையை இந்த ஜென்மத்துக்கு விட்டுடுங்க. ஒரு டிஐ பாக்ஸ் (ஆம்ப் இல்லாம பேஸை மிக்சர்ல சொருகற சின்னப் பெட்டி) வாங்கி நேரா மிக்சருக்குக் குடுங்க, வீட்டுக்கு ஃபெண்டர் ரம்பிள் 40 மாதிரி எட்டு கிலோ சமாச்சாரம் போதும். ஆம்பைக் கூட விடலாம், மேடைதான் என் தீராத வயித்தெரிச்சல். ஆர்கெஸ்ட்ராவுக்கு நாலடி உயரத்துல பலகை போடுவாங்க, ஏர்றதுக்கு ஒரு பிளாஸ்டிக் சேரைப் போட்டு "ஏறுங்கண்ணே"ம்பாங்க. ஒருதடவை கட்டை ஊணி ஏறினப்போ கட்டையோட நுனி கேபிள் மேல நின்னு, கேபிள் உருவி, முதல் பாட்டுல பேஸே இல்ல. பாடினவருக்குக் கடைசி வரைக்கும் தெரியவே இல்ல, அது வேற வருத்தம்.

உங்க பேஸை எடை போட்டு நம்பரை அனுப்புங்க. குழுவுல அடிக்கடி வாசிக்கற பாட்டுல ரெண்டு மூணோட பேரையும் சேத்து எழுதுங்க, அதையெல்லாம் அஞ்சாவது ஃப்ரெட்டுக்கு மேல எந்த விரல்ல பிடிக்கலாம்னு எழுதித் தர்றேன். ஒரு வாரம் டைம் குடுங்க, வர்ற ஞாயித்துக்கிழமை எனக்கு ஒரு ரிசப்ஷன் இருக்கு, மண்டபம் ரெண்டாவது மாடியாம், லிஃப்ட் இருக்கான்னு மூணு பேர்கிட்ட கேட்டாச்சு, இன்னும் யாரும் சொல்லல.