மலை வீட்டுப் பழைய வயரிங்கில் ஸ்மார்ட் சுவிட்ச்: கேள்வி பதில்

குன்னூர், ஊட்டி, கோத்தகிரி பக்கம் பழைய வீடுகளில் வயரிங் வேலை பார்ப்பவன் நான். ஃபோனிலிருந்தும் இயக்கக்கூடிய ஸ்மார்ட் சுவிட்ச் மாட்டுவது பற்றி இங்கே கேட்கப்பட்ட கேள்விகளுக்கு என்னால் முடிந்தவரை பதில் சொல்கிறேன். முதலிலேயே ஒன்று: மெயினை இறக்காமல் எந்த போர்டையும் திறக்காதீர்கள். இறக்கிய பிறகும் டெஸ்டர் வைத்துப் பாருங்கள். பழைய வீடுகளில் ஒரே அறைக்கு இரண்டு வேறு லைன்கள் வந்திருப்பது சகஜம்.

அண்ணா, குன்னூர் பெட்ஃபோர்டில் தாத்தா கட்டிய வீடு. மரக்கட்டையில் கறுப்பு வட்டச் சுவிட்சுகள் இருக்கின்றன. எந்த ஸ்மார்ட் சுவிட்ச் வாங்கலாம்?

இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள் தம்பி. பைகாராவில் 1932-ல் மின்சாரம் எடுக்க ஆரம்பித்த பிறகு இந்த மலையில் வயரிங் செய்த வீடுகள் நிறைய உண்டு. உங்களுடையதும் அந்தக் காலத்துப் பாணி போலத்தான் தெரிகிறது. மெயினை இறக்கிவிட்டு ஒரே ஒரு போர்டைக் கழற்றி உள்ளே பாருங்கள். தேக்குச் சட்டத்தின் மேலோ மரப் பட்டைக்குள்ளோ வரும் வயரின் மேலே துணி சுற்றி, உள்ளே ரப்பர் இருந்தால் அது பழைய ரப்பர் வயர். நுனியில் ஒரு அங்குலத்தை மெதுவாக வளைத்துப் பாருங்கள். நல்ல வயர் வளைந்து கொடுக்கும். ஆயுள் முடிந்தது வளைத்த இடத்தில் வெடித்து, கறுப்புத் தூளாக விரலில் ஒட்டும். உள்ளே இருக்கும் கம்பி வெறுமையாகத் தெரியும். சுவிட்ச் மாற்றும்போது பத்து முறை இழுத்து மடக்குவோம். அதுவரை அசையாமல் கிடந்ததால் தப்பித்த வயர் அப்போதுதான் உதிர ஆரம்பிக்கும்.

தூளாக உதிர்ந்தால் அந்த லைனை முழுவதும் மாற்றியே ஆகவேண்டும். டேப் சுற்றி ஒப்பேற்றுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், வயர் மரத்தை ஒட்டியே ஓடுவதால் இன்னும் கண்டிப்பாகச் சொல்கிறேன். உதிரவில்லை என்றாலும் மெக்கர் (வயரின் மேலுறை கரண்ட்டைத் தடுக்கிறதா என்று அளக்கும் கருவி) வைத்து 500 வோல்ட்டில் ஒரு தடவை சோதித்துவிடுங்கள். ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் அந்த லைனை நம்ப வேண்டாம். சோதிக்கும் முன் பல்பு, எலெக்ட்ரானிக் சாமான்கள் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு முறை பார்த்தால்தான் உண்மை தெரியும். கோடையில் காய்ந்த சுவர் நல்ல எண்ணைக் காட்டும்.

அரவங்காட்டிலிருந்து: போர்டில் இரண்டே வயர்தான் இருக்கிறது. ஸ்மார்ட் சுவிட்ச் அட்டையில் 'நியூட்ரல் தேவை' என்று போட்டிருக்கிறது. நியூட்ரல் எங்கே போச்சு?

அது எங்கும் போகவில்லை, சுவிட்சுக்கு வரவே இல்லை. ஃபேஸ், அதாவது கரண்ட் வரும் கம்பி, சுவிட்சுக்கு வந்து, அங்கிருந்து விளக்குக்குப் போகும். கரண்ட் திரும்பிப் போகும் கம்பியான நியூட்ரல் நேராக மேலே, விளக்கு தொங்கும் சீலிங் ரோஸுக்குப் போய்விடும். சாதாரண சுவிட்ச் ஒரு கம்பியை ஒட்டவும் பிரிக்கவும் செய்கிறது, அதற்கு இது போதும். ஸ்மார்ட் சுவிட்சுக்குள் வைஃபை எப்போதும் விழித்திருக்க வேண்டும். அதற்குச் சாப்பாடு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில்தான் கிடைக்கும்.

ஆனால் நம் ஊர் வீடுகளில் ஒரு வசதி. சுவிட்ச் பக்கத்திலேயே பிளக் பாயின்ட் இருக்கிற போர்டில் நியூட்ரல் கட்டாயம் வந்திருக்கும், பிளக்குக்கு அது இல்லாமல் முடியாது. வெறும் சுவிட்ச் மட்டும் இருக்கிற போர்டில்தான் சிக்கல். அங்கே மூன்று வழி: பைப் இருந்தால் ஒரு நியூட்ரல் இழுப்பது, மாட்யூலை (சுவிட்சின் வேலையைச் செய்யும் சின்ன ஸ்மார்ட் பெட்டி) விளக்குக்குப் பக்கத்தில் மேலேயே வைப்பது, அல்லது நியூட்ரல் இல்லாமல் ஓடும் வகையை வாங்குவது. முடிந்தால் முதல் வழி. எந்த சர்க்யூட்டின் ஃபேஸோ அதே சர்க்யூட்டின் நியூட்ரலாக இருக்கட்டும். பக்கத்து அறையிலிருந்து கடன் வாங்கினால் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனைத் தானாகத் துண்டிக்கும் சாதனம்) விழும், ஒரு லைனை அணைத்தாலும் நியூட்ரலில் கரண்ட் இருக்கும்.

அப்புறம், நிறத்தை நம்பாதீர்கள். சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல் என்பது கணக்கு. சுவிட்சிலிருந்து திரும்புகிற வயரும் பல வீடுகளில் கறுப்பாகத்தான் இருக்கும், அதை நியூட்ரல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எது நியூட்ரல் என்று பார்க்கும் சோதனையை மட்டும் மெயினைப் போட்டுத்தான் செய்ய முடியும். பழக்கம் இல்லாதவர்கள் வயர்மேனைக் கூப்பிடுங்கள். டெஸ்டர் விளக்கு பக்கத்து வயரின் தூண்டலிலேயே மின்னும், அதனால் டெஸ்ட் லேம்ப் வைத்து உறுதி செய்ய வேண்டும்.

எங்கள் எலெக்ட்ரீசியன், நியூட்ரல் இல்லாவிட்டால் என்ன, எர்த்தில் கொடுத்துவிடலாம் என்கிறார். சரியா சார்?

கூடவே கூடாது. தயவுசெய்து அனுமதிக்காதீர்கள். மாட்யூல் ஓடும், விளக்கும் எரியும், அதனால்தான் இந்தத் தப்பு கண்ணில் படாமல் பல வீடுகளில் உட்கார்ந்திருக்கிறது. எர்த் வயர் எங்காவது அறுந்தால், அந்த எர்த்தோடு சேர்ந்த ஃபிரிட்ஜ், கீசர், வாஷிங் மெஷின் எல்லாவற்றின் உடம்பிலும் மாட்யூல் வழியாக ஃபேஸ் ஏறிவிடும். நம் மலையில் பாறை மண். மாசி, பங்குனியில் எர்த் குழி காய்ந்தால் எர்த் இன்னும் பலவீனமாகும். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிற வீட்டில் இரண்டு மூன்று மாட்யூல் சேர்ந்தாலே அது விழ ஆரம்பிக்கும். உடனே சிலர் ஆர்சிசிபியையே கழற்றி நேராகக் கொடுத்துவிடுவார்கள். உயிரைக் காப்பாற்ற வைத்த ஒரே சாமான் அது.

நியூட்ரல் தேவைப்படாத வகைதான் மாட்டினேன். அணைத்த பிறகும் எல்இடி மினுக் மினுக் என்கிறது.

அந்த வகை, தன் சாப்பாட்டை விளக்கு வழியாகத்தான் எடுத்துக்கொள்ளும். குண்டு பல்பு அந்தச் சிறு கரண்ட்டைக் கண்டுகொள்ளாது. 5 வாட், 9 வாட் எல்இடியின் உள்ளே இருக்கும் கபாசிட்டர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்டு ஒரு மின்னல் விடும். சுவிட்சோடு ஒரு பைபாஸ் கபாசிட்டர் கொடுத்திருப்பார்கள். அதை விளக்குக்கு இணையாக, ஹோல்டர் பக்கத்தில் போடுங்கள்.

பழைய சாதாரண சுவிட்ச் இருந்தபோதே லேசாக மின்னியதா? அப்படியானால் அந்தச் சுவிட்ச் ஃபேஸுக்குப் பதில் நியூட்ரலை வெட்டிக்கொண்டிருக்கலாம். அணைத்தாலும் ஹோல்டரில் ஃபேஸ் நிற்கும், பல்பு மாற்றும் கைக்கு ஆபத்து. முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

கோத்தகிரி பக்கம் எங்கள் ஹட்டியில் (படுகர் ஊர்) மாடிப்படி விளக்குக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு சுவிட்ச். இதற்கும் முடியுமா?

முடியும். டூ-வே வசதி உள்ள மாட்யூல் ஒன்று போதும். மேல், கீழ் சுவிட்சுகள் இரண்டும் மாட்யூலுக்குச் சைகை கொடுப்பவையாக மாறிவிடும். எதைத் தட்டினாலும் விளக்கு நிலை மாறும். சுவிட்ச் முனையில் சில கம்பெனி மாட்யூல் ஃபேஸை எதிர்பார்க்கும், சிலவற்றில் ஃபேஸ் பட்டால் அந்த நொடியே போய்விடும். கூட வரும் படத்தைப் பார்க்காமல் கொடுக்காதீர்கள். ரொம்பப் பழைய சில படிக்கட்டுகளில் இரண்டு சுவிட்சுக்கும் ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் கொடுத்து வயர் மிச்சம் பிடித்திருப்பார்கள். அதில் மாட்யூல் வைக்க வழியே இல்லை, லைனைப் புதிதாக இழுங்கள்.

ஊட்டியில் ஹோம்ஸ்டே வைத்திருக்கிறோம். விருந்தாளி வரும் முன் கோயம்புத்தூரிலிருந்தே கீசரைப் போட வேண்டும்.

குளிருக்கு நியாயமான ஆசைதான் அக்கா. 3 கிலோவாட் கீசர் 230 வோல்ட்டில் சுமார் 13 ஆம்பியர் இழுக்கும். விளக்குக்கான 6, 10 ஆம்பியர் மாட்யூல் கருகிவிடும். 16 ஆம்பியர் என்று போட்ட சின்ன மாட்யூலையும் மணிக்கணக்கில் அந்த லோடில் ஓட்ட எனக்கு மனமில்லை. அது கான்டாக்டரின் (பெரிய லோடைத் தாங்கும் மின்காந்த சுவிட்ச்) காயிலை மட்டும் இயக்கட்டும், கீசரின் கரண்ட்டைக் கான்டாக்டர் தாங்கட்டும். கீசருக்குத் தனி எம்சிபி (லோடு மிஞ்சினால் விழும் பிரேக்கர்), ஆர்சிசிபி, குறைந்தது 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர். பழைய போர்டிலிருந்து எடுத்துவிட்ட லைன் என்றால் முதலில் அதைப் பிரியுங்கள். தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க அங்கே ஒரு ஆள் இல்லாமல் தூரத்திலிருந்து போட வேண்டாம், பனிக்காலத்தில் பைப் அடைத்துக்கொள்ளும் வீடுகளில் முக்கியமாக. ஆப்பில் அரை மணி நேரத்தில் தானாக அணையும்படி டைமரும் வையுங்கள்.

1980-களில் கட்டிய குவார்ட்டர்ஸ். வயரின் உள்ளே கம்பி வெள்ளையாக இருக்கிறது.

அலுமினியம். மாட்யூலின் டெர்மினல் செம்புக்காகச் செய்தது. அலுமினியத்தை இறுக்கினால் நாளாக ஆக அமுங்கித் தளர்ந்து, மேலே ஆக்சைடு படிந்து சூடாகும். செம்பையும் அதையும் முறுக்கி டேப் ஒட்டுவதும் நம் ஈரக் காற்றில் சீக்கிரம் அரித்துவிடும். இரண்டுக்கும் ஏற்றது என்று எழுதிய கனெக்டரில் ஒரு சாண் செம்பு வயரைச் சேர்த்து, அதை மாட்யூலில் கொடுங்கள். ஆறு மாதம் கழித்துத் தொட்டுப் பார்க்க மறக்காதீர்கள், மெயினை இறக்கிவிட்டுத்தான்.

கல் சுவர் பங்களா. கடைசி அறைக்கு வைஃபை வரவில்லை.

2.4 கிகாஹெர்ட்ஸில் ரூட்டரை ஓடவிடுங்கள், பெரும்பாலான மாட்யூல்களுக்கு 5 புரியாது. இரண்டடிச் சுவருக்கு நடுவே இன்னொரு ஆக்சஸ் பாயின்ட் தேவைப்படும். உலோகப் பெட்டிக்குள் மாட்யூலை மூடிவிட்டால் பக்கத்து அறையிலேயே சிக்னல் செத்துவிடும்.

கரண்ட் போய் வந்தால் நள்ளிரவில் எல்லா விளக்கும் எரிகிறது.

ஆப்பில் மின்சாரம் திரும்பும்போது எந்த நிலை என்று ஒரு அமைப்பு இருக்கும். 'அணைந்தே இருக்கட்டும்' என்று வையுங்கள். இடி மழைக்கு மெயினில் சர்ஜ் அரெஸ்டர் (திடீரென எகிறும் வோல்ட்டேஜை எர்த்துக்குத் திருப்பிவிடும் சாதனம்) போடலாம், எர்த் நன்றாக இருந்தால்தான் அது வேலை செய்யும்.

வாடகை வீடு, வெலிங்டனில். சுவரைத் தொட முடியாது.

அப்படியானால் ஸ்மார்ட் பல்பு, ஸ்மார்ட் பிளக். காலி செய்யும்போது கையோடு எடுத்துப் போகலாம்.

அம்மாவுக்கு எழுபது வயது. ஃபோனைத் தொடமாட்டார். வட்டச் சுவிட்சையும் விடமாட்டார். அவருக்கு எதுவும் மாறக் கூடாது, எனக்கு மட்டும் ஃபோனில் வேண்டும்.

அம்மா சொல்வதே சரி. வட்டக் கட்டைக்குள் மாட்யூல் நுழையாது, மேலே கூரைத் தட்டிக்குள் விளக்குக்குப் பக்கத்தில் மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் வையுங்கள். வயர் நல்லதாக இருந்து, ஃபேஸும் மேலே சீலிங் ரோஸ் வழியாகத்தான் சுவிட்சுக்கு இறங்குகிறது என்றால், சுவிட்சுக்குப் போகிற அதே இரண்டு கம்பி போதும். ஃபேஸும் நியூட்ரலும் மேலேயே மாட்யூலுக்குக் கிடைத்துவிடும், கீழே இருக்கும் சுவிட்ச் சைகை மட்டும் கொடுக்கும். அதே 'டக்' சத்தம், அதே இடம். இன்டர்நெட் போனாலும் அவர் கை வைத்தால் விளக்கு எரியும். பெட்டி இருக்கும் இடத்தை மெயின் போர்டின் கதவுக்குப் பின்னால் எழுதி ஒட்டிவையுங்கள், அடுத்து வருகிற வயர்மேன் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.