தத்தெடுத்த மகள் என்னிடம் ஒட்டவில்லையே!

கேள்வி: நானும் கணவரும் அமெரிக்கக் குடியுரிமை பெற்று நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். கொல்கத்தாவில் ஓர் இல்லத்திலிருந்து இரண்டரை வயதுப் பெண் குழந்தையைத் தத்தெடுத்திருக்கிறோம். பாஸ்போர்ட், விசா வேலைகள் முடியும்வரை இங்கேயே ஒரு சர்வீஸ் அபார்ட்மெண்டில் தங்கியிருக்கிறோம். லிஃப்டில் பார்க்கும் முகம் தெரியாதவரிடம்கூடக் கை நீட்டித் தாவுகிறாள். நான் தூக்கினால் விறைத்துக்கொள்கிறாள். கணவரைக் கண்டாலே அழுகை. எங்களுக்கு வங்காள மொழி தெரியாது. கும்பகோணத்திலிருந்து மாமியார் வீட்டார் வரத் துடிக்கிறார்கள். குலதெய்வக் கோயிலில் மொட்டை போட்டு, காது குத்திவிட்டுத்தான் விமானம் ஏற வேண்டும் என்கிறார்கள். அமெரிக்கா போனால் எல்லாம் சரியாகிவிடுமா?

பதில்: அமெரிக்கா போகும்வரை காத்திருக்க வேண்டாம். தத்தெடுப்பு ஆணைக்குப் பிறகு ‘காரா’ (தத்தெடுப்புகளைக் கண்காணிக்கும் மத்திய அரசு அமைப்பு) வழங்கும், நாடு விட்டு நாடு தத்தெடுப்பதற்கான ஹேக் உடன்படிக்கைச் சான்றிதழ், அடுத்து பாஸ்போர்ட், அதற்கும் அடுத்து டெல்லியில் அமெரிக்க விசா என்று ஒவ்வொன்றாக நகரும் இந்த வாரங்களை வெறும் காத்திருப்பாக நினைத்துவிடாதீர்கள். அலுவலகம், சமையல், விருந்தாளி என்று எந்தத் தொல்லையும் இல்லாமல் நீங்கள் மூவர் மட்டும் இருக்கும் வாய்ப்பு பிறகு எளிதில் அமையாது.

முதலில், அந்த விறைப்பு உங்கள் மீதான வெறுப்பு அல்ல. இல்லத்தில் ‘மாஷி’ (வங்காளத்தில் சித்தி, பெரியம்மா) என்று அவள் கூப்பிட்ட ஆயாக்கள் ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் மாறியிருப்பார்கள். யார் கை நீட்டினாலும் போய்விடுவது அங்கே அவள் கற்றுக்கொண்ட பிழைப்பு வழி. அதைப் பார்த்து ‘எல்லாரிடமும் நன்றாகப் பழகுகிறாள்’ என்று மற்றவர்கள் பாராட்டுவார்கள். நீங்கள் மகிழ வேண்டாம். பசித்தால் இவர், வலித்தால் இவர் என்று குறிப்பிட்ட ஒருவரைத் தேட அவளுக்கு இன்னும் தெரியவில்லை என்பதே அதன் பொருள்.

அதைக் கற்றுத்தர ஒரே வழி, ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்கவைப்பது, அழுதால் தூக்குவது எல்லாவற்றையும் நீங்கள் இருவர் மட்டுமே செய்வதுதான். வேலைக்கு வரும் அக்கா சமைக்கட்டும், பாத்திரம் துலக்கட்டும். குழந்தைக்கு ஒரு வாய் சோறுகூட அவர் ஊட்ட வேண்டாம். லிஃப்டில் யாரிடமாவது தாவினால், சிரித்தபடியே அவளை உங்கள் பக்கம் திருப்பி அணைத்துக்கொள்ளுங்கள். இனிப்பு, பிஸ்கட் எதுவானாலும் உங்கள் கையிலிருந்தே அவளுக்குப் போகட்டும்.

சாப்பாட்டில் அவசரமாக எதையும் மாற்றாதீர்கள். இல்லத்தில் என்ன கொடுத்தார்கள், எத்தனை மணிக்குக் கொடுத்தார்கள் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். பருப்பும் சோறும், மசித்த உருளைக்கிழங்கும் சோறும் என்றால் அதையே கொடுங்கள். உங்கள் வீடு சைவமாக இருந்து, அவள் முட்டையும் மீனும் சாப்பிட்டுப் பழகியிருந்தால், இப்போதைக்கு முட்டையையாவது தொடருங்கள். வாழ்க்கையில் எல்லாமே மாறிவிட்ட குழந்தைக்கு நாக்குக்குத் தெரிந்த ருசி பெரிய ஆறுதல். வயிறு நிரம்பிய பிறகும் கேட்கலாம், தலையணைக்கு அடியில் பிஸ்கட்டை ஒளித்துவைக்கலாம். திட்டாதீர்கள். அவள் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு சின்ன டப்பாவில் தின்பண்டம் எப்போதும் இருக்கட்டும். அது காலியாகாது என்று நம்பிக்கை வந்ததும் பெரும்பாலான குழந்தைகள் ஒளித்துவைப்பதைத் தாமாகவே குறைத்துக்கொள்கின்றன.

இரவுதான் கடினம். பல குழந்தைகளோடு ஒரே கூடத்தில், விளக்கு வெளிச்சத்தில் தூங்கியவளுக்கு இருண்ட, சத்தமில்லாத ஏ.சி. அறை பயத்தைத் தரும். விடிவிளக்கு எரியட்டும், மின்விசிறி ஓடட்டும். கை நீட்டினால் தொடும் தூரத்தில் நீங்கள் படுங்கள். அவள் பயன்படுத்திய துணியோ போர்வையோ இல்லத்திலிருந்து கிடைத்தால் துவைக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், அந்த வாசனை அவளுக்கு வேண்டும். நள்ளிரவில் அழுதால் செல்போனைக் காட்டி அடக்காதீர்கள். அவள் மாஷிகளையும் கூட இருந்த பிள்ளைகளையும் இழந்திருக்கிறாள். அந்தத் துக்கத்தை உங்கள் மடியில் அழுது தீர்க்கட்டும்.

மொழிக்கு ஏழெட்டுச் சொற்கள் போதும். ஜோல் (தண்ணீர்), கிதே (பசி), பேத்தா (வலி), கூம் (தூக்கம்), ‘ஆமி ஆச்சி’ (நான் இருக்கிறேன்). இவற்றோடு உங்கள் தமிழையும் சேர்த்தே பேசுங்கள். அவள் பழகிய பெயரை இப்போது மாற்ற வேண்டாம். ஆவணத்தில் புதுப் பெயர் இருந்தாலும் வீட்டில் பழைய பெயரே சில மாதங்கள் இருக்கட்டும்.

கணவரைக் கண்டு அழுவதற்குக் காரணம் பெரும்பாலும் எளிமையானது. இல்லத்தில் அவளைத் தூக்கியவர்கள் எல்லாரும் பெண்களாக இருந்திருப்பார்கள். கனத்த குரலும் தாடியும் உயரமும் அவளுக்குப் புதிது. அவர் நின்றுகொண்டு கூப்பிட வேண்டாம். தரையில் உட்கார்ந்து, அவளைப் பார்க்காமலே கட்டைகளை அடுக்கிக்கொண்டிருக்கட்டும்; அவளாகவே அருகில் வருவாள். பிறகு பழம் உரித்துக் கொடுப்பதைப் போன்ற, அவளுக்குப் பிடித்த வேலை ஒன்றை அவருக்கென்று ஒதுக்கிவிடுங்கள்.

உறவினர்கள் விஷயத்தில் நான் கறாராகவே சொல்கிறேன்: இப்போது வேண்டாம். மாமியாரின் ஆசையில் அன்பைத் தவிர வேறொன்றும் இல்லை என்பது புரிகிறது. ஆனால் உங்களை அம்மா என்று இன்னும் நம்பாத குழந்தையை, கூட்டத்துக்கு நடுவில் பிடித்து உட்காரவைத்து மொட்டையடித்துக் காது குத்தினால், அந்த வலியை அவள் உங்கள் கைகளோடு சேர்த்தே நினைவில் வைப்பாள். அடுத்த வருடம் ஊருக்கு வரும்போது, உங்கள் மடியில் தைரியமாக உட்காரும் குழந்தைக்கு அதே மொட்டையைப் போடலாம். மாமியாரிடம் இதைக் கணவரே பேசட்டும். அதுவரை தினமும் சில நிமிட வீடியோ அழைப்பில் பாட்டியின் முகம் அவளுக்குப் பழகட்டும்.

விமானப் பயணம் அவளுக்கு இன்னொரு பிரிவு. உங்கள் வீடு, அவள் கட்டில், வாசல் இவற்றின் படங்களை இப்போதிருந்தே காட்டிப் பெயர் சொல்லுங்கள். அந்தப் போர்வையும் தின்பண்ட டப்பாவும் கைப்பையிலேயே வரட்டும். வீடு சேர்ந்த பிறகும் கொஞ்ச காலம் இதே சாப்பாட்டு நேரம், இதே தூங்கும் முறை தொடர வேண்டும். விடுமுறை மிச்சமிருந்தால் அங்கே செலவிடுங்கள். டே கேருக்கு உடனே அனுப்பாதீர்கள்.

வாரங்கள் கழிந்தும் கண்ணைப் பார்க்காமல் இருந்தாலோ, விழுந்து அடிபட்டாலும் அழாமல் இருந்தாலோ, தலையைச் சுவரில் மோதிக்கொண்டாலோ குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். காதும் பார்வையும் சரியாக இருக்கின்றனவா என்பதையும் சோதிக்கச் சொல்லுங்கள். அமெரிக்கா சென்ற பிறகு இரண்டு ஆண்டுகளுக்கு, முதல் ஆண்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் இரண்டாம் ஆண்டில் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், தத்தெடுப்பு முகமையின் சமூகப் பணியாளர் உங்களைச் சந்தித்து அறிக்கை அனுப்புவார். அவர் வரும்போது வீட்டை ஒழுங்குபடுத்திச் சிரித்துக் காட்டுவதோடு நிறுத்திக்கொள்ளாமல், தூக்கம், அடம், உங்கள் களைப்பு எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லி உதவி கேளுங்கள்.