ஒரே 1942, இரண்டு எழுத்துகளில்

இப்போது என்ன புத்தகம் படித்துக்கொண்டிருக்கிறீர்கள், எது மனதுக்குப் பிடித்திருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் யாங்கூனில் இருக்கிறேன், அந்தக் காலத்து ரங்கூன்தான் இது. என் கட்டிலோரம் இரண்டு புத்தகங்கள் கிடக்கின்றன. ஒன்று தமிழ்: வெ. சாமிநாத சர்மாவின் ‘எனது பர்மா வழிநடைப் பயணம்’. மற்றது பர்மியம்: தெயிப்பான் மவுங் வா என்ற எழுத்தாளர் 1942 ஜனவரியிலிருந்து ஜூன் வரை எழுதிவந்த போர்க்கால நாட்குறிப்பு. ஒன்றை முடித்துவிட்டு மற்றதைத் தொடுவது என்று இல்லை. இதில் நாலு பக்கம், அதில் நாலு பக்கம் என்று மாற்றி மாற்றிப் படிக்கிறேன். ஏனென்றால் இரண்டும் ஒரே நாட்டின் ஒரே ஆண்டைப் பற்றியவை.

முதலில் சர்மாவைச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு அவரை பிளேட்டோவையும் கார்ல் மார்க்ஸையும் தமிழில் தந்தவராகத் தெரிந்திருக்கும். எங்களுக்கு அவர் ரங்கூன்காரர். 1932-ல் இங்கே வந்தவர், 1937 முதல் ‘ஜோதி’ என்ற மாதப் பத்திரிகையை இந்த ஊரிலிருந்து நடத்தினார். ரங்கூனில் ஒரு நல்ல தமிழ் மாதப் பத்திரிகை வந்துகொண்டிருந்தது என்பதே எனக்கு இந்தப் புத்தகத்தைக் கையில் எடுக்கும்வரை தெரியாது. எங்கள் தலைமுறைக்கு யாரும் அதைச் சொல்லவில்லை. 1941 டிசம்பர் 23-ல் ஜப்பான் விமானங்கள் ரங்கூனில் குண்டு போட்டன. கிறிஸ்துமஸ் அன்றைக்கு மறுபடியும் போட்டன. 1942 மார்ச் 8-ல் ரங்கூன் விழுந்தது. அதற்கு நடுவிலும் பின்னும் லட்சக்கணக்கான இந்தியர்கள் நடந்தே இந்தியாவுக்குப் போனார்கள். அந்தக் கூட்டத்தில் சர்மாவும் அவர் மனைவி மங்களம் அம்மாளும் இருந்தார்கள். அந்த நடையைத்தான் எழுதியிருக்கிறார்.

இந்தப் புத்தகம் என் கைக்கு வந்ததே ஒரு பெரிய சுற்று. அப்பாவின் மாமா வீட்டார் 1964-ல் கப்பல் ஏறிப் போனவர்கள். கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டு, ஐம்பது கியாட், நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்த வருஷம் அது. அந்த வீட்டுப் பேரன் ஒருவர் சென்னையில் இருக்கிறார். என் ஒன்றுவிட்ட அண்ணன் பழநிக்கு வேண்டுதலுக்காகப் போனபோது அவரைப் பார்த்திருக்கிறார். “உங்க ஊர்க் கதை, கொண்டு போங்க” என்று சொல்லிக் கொடுத்தாராம். பஞ்சாமிர்த டப்பாவுக்கும் வேட்டிகளுக்கும் நடுவே பெட்டியில் வந்து சேர்ந்தது. ஓரத்தில் பஞ்சாமிர்தம் கசிந்து நாலைந்து தாள்கள் ஒட்டியிருந்தன. ஆவி காட்டிப் பிரித்தேன்.

நான் தமிழில் படிப்பது மெதுவாகத்தான். பள்ளிக்கூடம் முழுக்கப் பர்மியம். தமிழ் எழுத்தைக் கோயிலில் சனிக்கிழமை வகுப்பில் வாத்தியாரிடம் கற்றுக்கொண்டேன். பலகையில் அ, ஆ எழுதிக் காட்டி, திருக்குறளை மனப்பாடம் செய்ய வைத்தார். இங்கே 1965-ல் தனியார் பள்ளிகள் அரசாங்கத்தின் கைக்குப் போயின. 1966 தொடங்கி பர்மியத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும்தான் செய்தித்தாள் வரலாம் என்றானது. அதற்கப்புறம் தமிழ் எழுத்தைப் பிடித்து வைத்திருந்தது பெரும்பாலும் கோயில்களும் வீட்டுத் திண்ணைகளும்தான். அதனால் சர்மாவின் ஒரு பக்கத்துக்கு எனக்குப் பத்து நிமிஷம் ஆகிறது. சந்தி சேர்ந்து நீளமாக நிற்கும் சொற்களைப் பென்சிலால் கோடு போட்டுப் பிரித்துக்கொண்டுதான் படிக்கிறேன். பர்மியத்தில் அதே நேரத்தில் ஐந்து பக்கம் ஓடிவிடும். ஆனால் மெதுவாகப் படிப்பதால்தான் இந்தப் புத்தகம் எனக்குள் இறங்குகிறது என்று நினைக்கிறேன். நடந்து போனவரின் எழுத்தை நானும் நடந்தேதான் படிக்கிறேன்.

இதைத் தனியாகப் படிக்கவில்லை. அப்பத்தாவுக்கு வாசித்துக் காட்டுகிறேன். அவருக்குத் தொண்ணூறு வயசு, கண் மங்கிவிட்டது, காது நன்றாகக் கேட்கிறது. ஐராவதி டெல்டாவில் பியாப்போன் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தவர், 1942-ல் ஆறேழு வயசுப் பிள்ளை. சாயங்காலம் கரண்ட் இருந்தால் விளக்கடியில், இல்லாவிட்டால் சார்ஜ் விளக்கை வைத்துக்கொண்டு வாசிப்போம். நான் மதியச் சாப்பாட்டு நேரத்திலேயே அன்றைக்கு வாசிக்க வேண்டிய பக்கங்களை ஒருமுறை படித்து வைத்துக்கொள்வேன். அப்போதுதான் ராத்திரி தடுமாறாமல் போகும்.

முதல் நாள் ரெண்டு பக்கம் வாசித்ததும் அப்பத்தா கேட்டார்: “அப்பு, இவுக எந்த வழியா போறாக?” மாந்தளே போய், எல்லையில் இருக்கும் தமு வழியாக மணிப்பூருக்குள் நுழைகிறார்கள் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “எங்க சித்தப்பா புரோம் வழியாவுல்ல போனாரு” என்றார்.

இது எனக்குத் தெரியாத கதை. புரோமிலிருந்து மலை தாண்டி அரக்கான் கரையில் இருக்கும் தவுங்குப்புக்கு ஒரு பாதை. டெல்டாப் பக்கத்திலிருந்தும் ரங்கூனிலிருந்தும் முதலில் கிளம்பியவர்களில் நிறையப் பேர் அதில்தான் போனார்கள். தண்ணீர் இல்லாத பாதை, காலரா வந்து வழியெங்கும் ஆட்கள் விழுந்தார்கள். அப்பத்தாவின் சித்தப்பா, கல்யாணம் ஆகாத இளைஞர், ஊர்க்காரர்கள் நாலு பேரோடு கிளம்பியிருக்கிறார். அப்பத்தாவின் ஐயா போகவில்லை. தை மாசம், களத்தில் நெல் கிடந்தது. விற்றுவிட்டுப் பின்னால் வருகிறேன் என்று தம்பியை மட்டும் அனுப்பியிருக்கிறார். நெல்லை வாங்க ஆள் வரவில்லை. அதற்குள் ரங்கூன் விழுந்துவிட்டது. சித்தப்பாவிடமிருந்து கடிதமும் வரவில்லை, அவர் போய்ச் சேர்ந்தார் என்று சொல்ல ஆளும் வரவில்லை. எண்பத்து மூன்று வருஷமாயிற்று. இன்னும் அப்பத்தா ஒவ்வொரு ராத்திரியும் நான் புத்தகத்தை மூடும்போது, “தவுங்குப்பு வந்துச்சா?” என்று கேட்கிறார். அவர்கள் போன வழி வேறு அப்பத்தா என்று முதல் சில நாள் விளக்கினேன். இப்போது “இன்னும் வரலை” என்று மட்டும் சொல்கிறேன்.

சர்மாவின் எழுத்தில் என்னைக் கட்டிப் போடுவது அந்த நிதானம். ஒரு சரித்திர ஆசிரியர் தன் சொந்தத் துன்பத்தை எழுதும்போதும் சரித்திரம் எழுதுகிற கையாலேயே எழுதுகிறார். அழ வைப்பதற்காக ஒரு வரிகூட இல்லை என்று எனக்குப் படுகிறது. அதனாலேயே சில இடங்களில் வாசிப்பதை நிறுத்தித் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் தொடர முடிந்தது. எழுத்துத் தமிழில் ஒரு கனமான சொல் வந்தால் அப்பத்தா பொருள் கேட்பார். நான் சொன்னதும் அவருடைய சொல்லை எடுத்துப் போடுவார். அவர் பேசுவது அவருடைய அப்பா அம்மா ராமநாதபுரம் சீமையிலிருந்து கொண்டுவந்த தமிழ். குளத்தைக் கம்மாய் என்பார், சோற்றுக்குத் தொட்டுக்கொள்வதை வெஞ்சனம் என்பார். இந்தியாவை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

இனி அந்தப் பர்மியப் புத்தகம். பான்சோடான் தெரு நடைபாதையில் பழைய புத்தகங்களைப் பரப்பி விற்பார்கள். யாங்கூனில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். அங்கே ஒரு கடையில் அட்டை இல்லாத பிரதியாகக் கிடைத்தது. தெயிப்பான் மவுங் வாவின் இயற்பெயர் உ செயின் டின். வெள்ளைக்காரர் ஆட்சியில் ஐ.சி.எஸ். அதிகாரி. 1930-களில் ரங்கூன் பல்கலைக்கழகத்தில் கிளம்பிய ‘கித் சான்’ என்ற புதுமை எழுத்து இயக்கத்தின் முக்கியமான ஆள், ஸாஜீ, மின் து வுன் ஆகியோரின் கூட்டாளி. மின் து வுன்னின் குழந்தைப் பாட்டுகளைப் பாடாமல் இங்கே யாரும் வளர்ந்திருக்க முடியாது. தெயிப்பான் மவுங் வா சின்னச் சின்ன வாக்கியங்களாக எழுதுவார். மவுங் லு ஏ என்ற ஓர் இளம் அதிகாரியை வைத்து அவர் எழுதிய கதைகளை நான் பள்ளி நாட்களிலேயே படித்திருக்கிறேன்.

நாட்குறிப்பில் அந்த மவுங் லு ஏ இல்லை. குடும்பத்தைக் காப்பாற்ற என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கும் ஒரு தகப்பன் இருக்கிறார். அரசாங்கம் கலைந்துகொண்டிருக்கிறது, மேலிருந்து உத்தரவு வருவது நின்றுவிடுகிறது, குடும்பத்தோடு மேல் பர்மாவில் கன்பலு பக்கம் போய் ஒதுங்குகிறார். 1942 ஜூன் 6-ம் தேதி கொள்ளைக்காரர்கள் அவரைக் கொன்றுவிட்டார்கள். இது எனக்கு முன்பே தெரியும் என்பதால் மே மாதப் பக்கங்களை வேகமாகப் புரட்ட மனம் வரவில்லை. இப்போது ஏப்ரலில் இருக்கிறேன். வேண்டுமென்றே ஒரு நாளைக்கு ஒரு தேதி என்று படிக்கிறேன். அவருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும் என்ற எண்ணத்தோடு ஒரு மனிதனின் அன்றாடத்தைப் படிப்பது எளிதாக இல்லை. புத்தகம் ஆங்கிலத்திலும் 2009-ல் வந்திருக்கிறது. பர்மியம் தெரியாதவர்கள் அதைத் தேடிப் படிக்கலாம். தமிழில் யாராவது செய்ய வேண்டும். எனக்கு இன்னும் கொஞ்சம் தமிழ் கைவந்தால் நானே சில பக்கங்களைச் செய்து பார்ப்பேன், அந்த ஆசை இருக்கிறது.

இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது கிடைப்பது தனியாகப் படித்தால் கிடைக்காது. தமிழ்ப் புத்தகம் போனவரின் கதை. பர்மியப் புத்தகம் இந்த மண்ணுக்கே சொந்தக்காரரின் கதை. அப்பத்தாவின் ஐயா இரண்டிலும் இல்லை. களத்து நெல்லுக்காகத் தங்கியவரை, தங்கியதால் பிழைத்தாரா தவறு செய்தாரா என்று கடைசிவரை தெரியாமல் பியாப்போன் வயலிலேயே உழுது செத்தவரை, யாரும் எழுதவில்லை. ஆனால் இந்த இரண்டு புத்தகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அவர் நின்ற இடம் எனக்கு ஓரளவு தெரிகிறது. அப்பத்தா சொல்லச் சொல்ல நான் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வருகிறேன். தமிழில்தான். பிழை இருக்கும், பரவாயில்லை.

மற்றபடி வீட்டில் ஓடுகிறவை: தங்கை ஜர்னல் ஜோ மா மா லேயின் ‘மோன் யுவே மஹூ’வை இரண்டாம் முறை படிக்கிறாள். ‘வெறுப்பினால் அல்ல’ என்று பொருள். டெல்டாவில் ஒரு நெல் வியாபாரியின் மகள், வெள்ளைக்காரக் கம்பெனியில் வேலை பார்க்கும், எல்லாவற்றிலும் ஆங்கிலேயனாகவே வாழ நினைக்கும் ஒருவனைக் கட்டிக்கொண்டு மூச்சு முட்டிப் போகும் கதை. 1955-ல் வந்த நாவல். தங்கைக்குக் கல்யாணப் பேச்சு நடக்கிறது, அதனால் அம்மாவுக்கு அந்தப் புத்தகம் கண்ணில் பட்டாலே பிடிக்கவில்லை. நான் போன டிசம்பரில் கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ முடித்தேன். ஊரை விட்டு ஓடிவந்தவர்கள் இன்னோர் இடத்தில் காட்டைத் திருத்தி ஊர் உண்டாக்குவதை, வயதான ஒரு பாட்டியின் வாயால் சொல்ல வைத்திருக்கிறார். அதைப் படித்த பிறகுதான் அப்பத்தாவிடம் கேட்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றியது.

அடுத்துப் படிக்க வைத்திருப்பது மலேசியத் தமிழ் எழுத்தாளர் ஆர். சண்முகம் எழுதிய ‘சயாம் மரண ரயில்’. மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து ஜப்பான்காரர்கள் இழுத்துக்கொண்டு போன தமிழர்களின் கதை. சயாமையும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவையும் சேர்க்கும் அந்த 415 கிலோமீட்டர் தண்டவாளம் 1943 அக்டோபரில் இணைக்கப்பட்டது. இந்தப் பக்கத்து முனை எங்கள் நாட்டில்தான் இருக்கிறது, மோல்மேனுக்குத் தெற்கே தன்பியுசாயாட்டில். அங்கே போர்க்கைதிகளுக்கு ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. 3,000-க்கும் மேற்பட்ட கல்லறைகள், புல் வெட்டி, பூச்செடி வைத்துப் பராமரிக்கிறார்கள். பத்து வருஷம் முன்னால் போயிருக்கிறேன். வரிசை வரிசையாகப் பெயர் படித்துக்கொண்டே நடந்தேன். தோட்டத்துத் தமிழர் பெயர் ஒன்றும் என் கண்ணில் படவில்லை.

அந்தப் புத்தகத்தையும் தனக்கு வாசிக்க வேண்டும் என்று அப்பத்தா சொல்லியிருக்கிறார். முதலில் சர்மா இம்பால் போய்ச் சேரட்டும் என்றிருக்கிறேன்.